மீதம்

முப்பத்தொரு வருடம் அந்தத் தேவாலயத்தில்
பொட்டாஷ் உர மூட்டைகள் குடியிருந்தன.
இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது
காக்கெத்தி மலையடிவாரத்தில் பழமொழியல்ல,
ஒரு மாவட்ட உத்தரவு.
எண்ணும் தேதியும் முத்திரையும் உண்டு.

குல்நாசி கணக்கெழுதச் சேர்ந்தபோது
கூடம் என்று ஒன்று இல்லை.
மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் புகும் சந்து இருந்தது.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
பக்கவாட்டில் நடந்தாள், நண்டு மாதிரி,
பன்னிரண்டு வருடம்.
மூட்டை பன்னிரண்டு அடுக்கு.
அதற்கும் மேலே என்ன என்று
சரக்குப் பதிவேட்டில் பத்தி இல்லை.

கூட்டுப்பண்ணை கலைந்தது.
செப்டம்பரில் லாரிகள் வந்தன.
முதல் நாள் ஒரு ஜன்னல் வெளிப்பட்டது.
மூன்றாம் நாள் ஒரு தூண்.
ஆறாம் நாள் ஓட்டுநர் அவ்தாந்தில்
கடைசி மூட்டையைத் தோளில் ஏற்றியபடி
"கையெழுத்துப் போட்டுவிட்டு வா" என்று வெளியே போனான்.

அவள் நின்றாள்.
வெள்ளம் வடிந்த வீட்டில்போல
சுவரைச் சுற்றி உப்பு அரித்த கோடு.
கோட்டுக்குக் கீழே செங்கல்லின் சதை.
மேலே யாருடையவோ இரண்டு பாதங்கள்,
கொஞ்சம் நீல அங்கி,
முகம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு.
அவள் பார்த்தது அதையல்ல.
பாதங்களுக்கும் குவிமாடத்துக்கும் நடுவே
எதுவுமே இல்லாமல் நின்றுகொண்டிருந்ததை.

பென்சில் விழுந்தது.
விழுந்த சத்தம் மேலே போனது,
அவசரமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி
படியிறங்குகிறவர் மாதிரி திரும்பி வந்தது.
நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது,
பன்னிரண்டு வருடமாகக் குனிந்தே இருந்திருக்கிறாள்.

"நூலி" என்றாள், இருப்பைச் சரிபார்க்க.
அவள் மொழியில் அது வெறும் சுழி.
என் மொழியில் அதையே பூஜ்யம் என்போம்,
கும்பிடத் தக்கது என்றும் ஓர் அர்த்தம் உண்டு.
குவிமாடத்துக்கு எந்த மொழி தெரியுமோ,
லீ... லீ... என்று
நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேராப்.
ஏழு வருடத்துக்கு முன் காந்தஹாரிலிருந்து
துத்தநாகப் பெட்டியில் வந்த தம்பி.
திறக்கக் கூடாது என்று எழுதியிருந்த பெட்டி
ஐந்தாம் மாடிக்கு லேசில் ஏறவில்லை,
படித் திருப்பத்தில் அதை
நிமிர்த்தி நிறுத்தவேண்டியிருந்தது.
வீட்டில் கூரை இரண்டரை மீட்டர்.
தட்டிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் இருமல்.
ஓர் அழுகையை எங்கே வைப்பது?
அடுக்கி வைத்தாள், மற்றதைப் போலவே.
அழுகைக்கு அகலம் போதாது,
உயரம் வேண்டும்.

இங்கே அது தானாக எழுந்தது.
முதலில் அவளுடைய குரல்போலவே இல்லை.
கட்டடம் வாங்கிக்கொண்டது.
ஆறுதல் சொல்லவில்லை,
முதுகில் தட்டவில்லை,
இடம் விட்டது, அவ்வளவுதான்.
சாய்ந்த வெயிலில் உரத்தூள் மிதந்துகொண்டிருந்தது.
கண் எரிந்தது அதனாலும் இருக்கலாம்.

வெளியே லாரி ஹார்ன் அடித்தது.
இன்னொரு முறை.
மூன்றாவது முறை அடிக்கவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.
நீளம் இருபத்திரண்டு எட்டு, அகலம் பத்து.
எட்டாத உயரத்துக்கு
உப்புக் கோட்டையே அளவுகோல் ஆக்கினாள்:
அதைப்போல் ஐந்து மடங்கு,
குவிமாடத்துக்குக் கொஞ்சம் கூட்டி,
மூலைகளுக்குக் கொஞ்சம் கழித்து.

குளிர்காலத்தில் தெலாவியிலிருந்து
தணிக்கையாளர் வந்தார். பழைய கோட்டு, புதுச் சிவப்புப் பேனா.
மீதம் என்ற பத்தியில் வட்டம் போட்டார்.
"ஆயிரத்து முந்நூறு கன மீட்டர்.
பொருள் என்ன?"

"அங்கேயேதான் இருக்கிறது" என்றாள் குல்நாசி.
"ஏற்றிப் போக லாரி கிடைக்கவில்லை."